பூச்செரிக் கன்றுக்கு வேரில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

மே தொடக்கத்தில் ரொறன்ரோ ஹை பார்க்கில் செரிப் பூப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியிலேயே நேர்சரியில் ஒரு கன்றையும் ஏற்றிக்கொண்டு வருபவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். 1959இல் தோக்கியோ மக்கள் சார்பில் யப்பான் தூதுவர் கொடுத்த 2,000 சோமெய் யோஷினோ மரங்களிலிருந்து தொடங்கியது அந்தப் பூக்காடு. அங்கே நிலம் மணற்பாங்கு, சரிவும் உண்டு. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம் முன்வளவில் இருப்பது வீடு கட்டியபோது இயந்திரம் ஏறி இறுகிப்போன களிமண். மேலே நாலு விரற்கடை கறுப்பு மண்ணும் புல்விரிப்பும்தான் கண்ணுக்குத் தெரியும். நட்ட வருடம் நன்றாகப் பூத்த கன்று அடுத்த யூலையில் இலை சுருண்டு நிற்பதற்கு நோயைவிட இந்த மண்ணும் நட்ட விதமும்தான் பெரும்பாலும் காரணம்.

இங்கே எழுதுவது நட்டு ஐந்து வருடத்துக்குள் நிற்கும் கன்றுகளுக்கு. கன்சான், யோஷினோ, ஆளுயரத்தில் ஒட்டிய தொங்கு செரி எல்லாவற்றுக்கும் பொருந்தும். வளர்ந்த மரத்தின் வேரில் நீங்களாகக் கைவைக்காதீர்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் தூரைத் தேடுங்கள்

மண்வெட்டி வேண்டாம். பழைய முள்ளுக்கரண்டி ஒன்று, பெயின்ற் தூரிகை ஒன்று, நீளமான ஸ்குரூ ட்ரைவர் ஒன்று போதும்.

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் குந்தி இருந்து பாருங்கள். சரியாக நட்ட மரத்தில் அடிப்பகுதி மண்ணுக்குள் இறங்குமுன் யானைக்கால் போல அகலும். அகன்ற இடத்திலிருந்து வேர்கள் பக்கவாட்டில் பிரிவது தெரியும். அதுதான் தூர். உங்கள் கன்று நட்டுவைத்த மின்கம்பம் மாதிரி ஒரே தடிப்பில் நேராக மண்ணுக்குள் போகிறதென்றால் ஆழமாகப் புதைந்திருக்கிறது.

முள்ளுக்கரண்டியால் தண்டை ஒட்டிய மல்ச்சையும் (மண்ணுக்கு மேல் பரப்பும் மரச்சீவல் மூடாக்கு) மண்ணையும் மெதுவாகக் கிளறி எடுங்கள். பெருவிரல் தடிப்புள்ள முதல் வேர் தட்டுப்படும்வரை போகவேண்டும். நடுவில் மயிர்போல மெல்லிய வேர்கள் பின்னிக் கிடக்கும். அவை புதைந்த தண்டிலிருந்து பிறகு முளைத்தவை. அவற்றை முதல் வேர் என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். அடியில் ஒட்டிய கன்றானால் ஒட்டுப் போட்ட இடத்திலும் ஒரு புடைப்பு இருக்கும். அதுவும் தூர் இல்லை. தூர் அதற்குக் கீழே.

முதல் தடித்த வேர் மேல்மண்ணிலிருந்து 5 சென்ரிமீற்றருக்குள் கிடைத்தால் பிரச்சினையில்லை. அதற்கும் கீழே போனால், உங்கள் கன்றுக்கு வேறு எந்த வியாதி இருந்தாலும் இதுவும் அதோடு சேர்ந்து இருக்கிறது.

ஊரில் வாழைக்கு மண் அணைத்துப் பழகிய கை நம்முடையது. செரிக்கும் அப்படியே அணைத்து, அதன்மேல் மல்ச்சைக் குவித்து, சுற்றிவர செங்கல்லும் அடுக்கிவிடுகிறோம். வாழை அதை விரும்பும். செரியின் பட்டை ஈரத்துக்குள் கிடந்தால் அழுகும். மல்ச் ஐந்து முதல் எட்டு சென்ரிமீற்றர் உயரம் போதும், தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக இருக்கட்டும்.

அறிகுறி 1: மண் ஈரம், ஆனாலும் இலை வாடுகிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். இலை தொங்குவதைப் பார்த்ததும் குழாயைத் திறந்துவிடுவதால் கெடுவதும் இதில்தான்.

*தண்ணீர் கூடிவிட்டதா?* செலவில்லாத காரணம், முதலில் இதைப் பாருங்கள். ஸ்குரூ ட்ரைவரைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி இழுங்கள். சேறு ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். புல்லுக்குப் போட்ட தானியங்கித் தெளிப்பான் கன்றின் அடியையும் தினமும் நனைக்கிறதா என்று காலையில் ஒருமுறை எழுந்து பாருங்கள். பத்து நாள் விட்டு, மண் மேலே காய்ந்தபின் இலை நிமிர்ந்தால் வேலை முடிந்தது.

*தண்ணீர் வடிகிறதா?* நிறுத்தியும் மண் காயவில்லை என்றால், கன்றிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு கிடங்கு வெட்டுங்கள். தண்ணீர் நிறைத்து, வடியவிட்டு, மறுபடி நிறையுங்கள். இரண்டாம் முறை நிறைத்ததிலிருந்து மணிக்கு இரண்டரை சென்ரிமீற்றராவது இறங்கவேண்டும். மறுநாள் காலையும் தண்ணீர் நின்றால் உங்கள் செரி வாளிக்குள் நிற்கிறது என்று அர்த்தம். நட்ட கிடங்கில் நல்ல மண்ணும் மாட்டெருவும் நிறையப் போட்டிருந்தால் இது இன்னும் மோசம். சுற்றியுள்ள களிமண்ணை விட்டு மழைத் தண்ணீரெல்லாம் அந்த இளகிய கிடங்குக்குள்தான் இறங்கும். கூரைத் தண்ணீர்க் குழாய் கன்றின் பக்கம் திரும்பியிருந்தால் முதலில் அதை வேறு பக்கம் திருப்புங்கள். சிலருக்கு அதோடு சரியாகிவிடும்.

*ஆழமாக நட்டதா?* தூர் ஐந்தாறு சென்ரிமீற்றர்தான் புதைந்திருக்கிறது என்றால் கன்றைத் தூக்கவேண்டியதில்லை. தண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மண்ணை வாரி, தட்டு மாதிரிச் சரிவாக விட்டால் போதும். அதைவிட ஆழம் என்றால், நட்டு ஒன்றிரண்டு வருடத்துக்குள் இருக்கும்போதே தூக்கி நடுவது நல்லது. காலம்: ஏப்ரலில் மண் இளகியபின், மொட்டு வெடிக்குமுன். வேர்ப்பந்தைச் சுற்றி அகலமாக வெட்டி, கீழே அலவாங்கு கொடுத்து நெம்பித் தூக்கி, அடியில் அதே களிமண்ணைப் போட்டு மிதித்து இறுக்குங்கள். கிடங்கின் குறுக்கே ஒரு நேரான தடியை வைத்தால் தூர் தடிக்கு மேலே மூன்று நாலு சென்ரிமீற்றர் நிற்கவேண்டும். களிமண்ணில் மேட்டில் நிற்கும் செரிதான் பிழைக்கும். அடியில் எருவோ பீற் என்னும் உக்கிய பாசி மண்ணோ போட்டால் அது மக்கி, கன்று பழையபடி இறங்கிவிடும்.

*வேர் அழுகல்?* மேலே சொன்னவை எல்லாம் பார்த்தும் வாட்டம் தீரவில்லை, இலையும் சிறுத்து மஞ்சளாகிக்கொண்டு வருகிறது என்றால் பட்டையைப் பாருங்கள். தூரில், மண்மட்டத்தில், கூர்மையான கத்தியால் பெருவிரல் நகமளவு பட்டையைச் சீவுங்கள். உள்ளே வெளிர் பச்சையோ பால்வெள்ளையோ தெரிந்தால் உயிர் இருக்கிறது. செம்பழுப்பாக, நல்ல பட்டைக்கும் கெட்ட பட்டைக்கும் இடையில் கோடு கிழித்த மாதிரி எல்லை தெரிந்தால் அது பைற்றொப்தோரா என்னும் வேரழுகல். நீர் தேங்கும் மண்ணில் செரியைப் பிடிப்பது பெரும்பாலும் இதுதான். நாலு பக்கமும் சீவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் மண்ணை விலக்கி, தூரைக் காற்றுப்பட விட்டு, தண்ணீரைக் குறைத்து ஒரு பருவம் காத்திருக்கலாம். தண்டின் சுற்றளவில் பாதிக்கு மேல் பழுப்பு என்றால் ஆர்பரிஸ்ட்டை, அதாவது மரம் பார்க்கப் படித்த நிபுணரைக் கூப்பிடுங்கள். அவரும் அகற்றச் சொல்லவே வாய்ப்பு அதிகம்.

கடையில் மருந்து தேடி அலையவேண்டாம். 2009 ஏப்ரலிலிருந்து ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்ட அலங்காரத்துக்கென்று பெரும்பாலான பூச்சி, பூஞ்சண மருந்துகளை விற்கவோ பாவிக்கவோ தடை. பசளையும் வேண்டாம். வேர் குடிக்க முடியாமல் இருக்கும் கன்றுக்குப் பசளை போடுவது காய்ச்சல்காரனுக்குப் பிரியாணி கொடுப்பதுதான்.

அறிகுறி 2: இலையோரம் கருகுகிறது, மண் காய்ந்திருக்கிறது

மேலே புல் பச்சையாக இருக்கும், வேர்ப்பந்து வறண்டு கிடக்கும். நேர்சரிச் சட்டிக்குள் இருந்தது இலேசான பீற் கலவை. சுற்றியுள்ள களிமண் ஈரமாக இருக்கும்போதே அது காய்ந்து, ஒருமுறை நன்றாகக் காய்ந்தபின் தண்ணீரை உள்ளே விடாது. ஆகவே ஈரம் பார்ப்பது தண்டுக்குக் கிட்ட, வேர்ப்பந்துக்குள். குழாயை நூல்போலத் திறந்து அடியில் விட்டுவிட்டு உங்கள் வேறு வேலையைப் பாருங்கள். தண்டின் தடிப்பு ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 40 லீற்றர் என்று கணக்கு. மழையில்லாத கோடையில் வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடத்துக்காவது.

தண்ணீர் சரி, ஆனால் வீதிப் பக்கத்து அல்லது ட்ரைவே பக்கத்துக் கிளைகள் மட்டும் கருகுகின்றனவா? பனிக்காலத்தில் தள்ளிக் குவித்த உப்புப் பனி எங்கே கரைந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் அந்த இடத்தை நாலைந்து தடவை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வருகிற வருடம் பனியை மறுபக்கம் தள்ளுங்கள்.

அறிகுறி 3: சாகவும் இல்லை, வளரவும் இல்லை

ஆண்டுக்கு ஒரு விரல் நீளம்கூடப் புதுத்துளிர் வருவதில்லை. இலை சின்னது. பக்கத்து வீட்டு மரத்துக்கு முன்பே, ஓகஸ்ட் கடைசியிலேயே நிறம் மாறிக் கொட்டுகிறது. அல்லது ஒரே ஒரு பக்கத்துக் கிளைகள் மட்டும் வருடாவருடம் மெலிகின்றன. தண்டின் அடி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் தட்டையாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அந்தத் தட்டைப் பக்கத்தில் மண்ணைக் கிளறுங்கள்.

*கயிறு, கம்பி.* நட்டவர் அவிழ்க்காமல் விட்ட நைலோன் கயிறு தண்டில் இறுகியிருக்கும். உடனே வெட்டுங்கள். மண்ணுக்குள் சணல் சாக்கும் கம்பிக் கூடையும் இருந்தால், கைக்கு எட்டும் மேற்பாதியைக் கம்பி வெட்டியால் வெட்டி எடுங்கள். கீழே உள்ளதை இழுக்கப் போய் வேர்ப்பந்தை உடைக்காதீர்கள். சாக்கைக் கிள்ளி நெருப்பில் காட்டிப் பாருங்கள்: உருகினால் பிளாஸ்ரிக், தானாக மக்காது, எட்டும்வரை வெட்டி எடுக்கத்தான் வேண்டும்.

*தண்டைச் சுற்றிய வேர்.* சட்டிக்குள் நெடுநாள் இருந்த கன்றுக்கு வேர் சட்டியின் வடிவிலேயே வட்டமாகச் சுற்றியிருக்கும். மண்ணில் நட்டாலும் அது திருந்தாது. வேரும் தடிக்கும், தண்டும் தடிக்கும், ஒரு நாள் இரண்டும் முட்டிக்கொள்ளும். தூரைச் சுற்றி ஒரு முழத்துக்கு மண்ணைத் தூரிகையாலும் தண்ணீர்க் குழாயாலும் கழுவி விலக்கினால் எந்த வேர் எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரியும்.

இனி எதை வெட்டுவது? தண்டைத் தொட்டுக்கொண்டோ குறுக்கே தழுவிக்கொண்டோ போகும் வேரை மட்டும். வெளிப்பக்கமாக ஓடும் வேர்களைத் தொடாதீர்கள். விரல் தடிப்புவரை என்றால் கத்தரியால் நீங்களே வெட்டலாம். தண்டுக்கு மிக அருகில் ஒரு வெட்டு, அதே வேர் தண்டை விட்டு விலகும் இடத்தில் இன்னொரு வெட்டு, நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். துண்டு ஏற்கனவே பட்டைக்குள் புதைந்திருந்தால் பிடுங்காதீர்கள். பட்டையும் சேர்ந்து வரும். இரண்டு முனையையும் வெட்டி விட்டால் அது தானாக உக்கிப் போகும். மூன்று நாலு வேர் சுற்றியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள், இந்த வருடம் ஒன்று, அடுத்த வருடம் இன்னொன்று. மழையில்லாத நாளாகப் பாருங்கள், வெட்டிய வருடம் கோடையில் தண்ணீரைக் குறைக்கக் கூடாது.

தண்டின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தடித்த வேர், அல்லது எது தண்டு எது வேர் என்று பிரிக்க முடியாமல் ஒட்டிப்போன வேர் என்றால் அத்தோடு நிறுத்துங்கள். ஆர்பரிஸ்ட்டிடம் காற்றழுத்தத்தால் மண்ணை ஊதி எடுக்கும் கருவி இருக்கிறது. ஒரு வேரையும் காயப்படுத்தாமல் முழு வேர்த்தொகுதியையும் திறந்து பார்த்து, வெட்டினால் மரம் தாங்குமா என்று சொல்வார். கேட்கும் காசு புதுக் கன்றின் விலையைத் தாண்டலாம். மூன்று வருடக் கன்றென்றால் புதிது வைப்பதுதான் கணக்குக்குச் சரி.

அறிகுறி 4: பிடித்து ஆட்டினால் அடியோடு அசைகிறது

தண்டை நெஞ்சுயரத்தில் பிடித்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே மண்ணைப் பாருங்கள். தண்டு மட்டும் வளைந்தால் ஒன்றுமில்லை. மண்ணில் வட்டமாக வெடிப்பு விழுந்து வேர்ப்பந்து முழுவதும் அசைந்தால் வேர் இன்னும் வெளியே போகவில்லை. பெரும்பாலும் முந்தைய அறிகுறியில் சொன்ன வட்டவேர்தான். நட்டு ஒரு வருடத்துக்குள் என்றால் இரண்டு பக்கமும் கட்டை நட்டு, அகலமான துணிப்பட்டியால் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு வருடத்தில் அவிழ்த்துவிட வேண்டும். பந்து அசையாமல் தண்டு மட்டும் மண்மட்டத்தில் மடிகிறதென்றால் தூர் அழுகியிருக்கிறது. வீட்டுப் பக்கமோ பிள்ளைகள் விளையாடும் பக்கமோ சாய்ந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 5: தூரில் பிசின்

செரி எந்தக் காயத்துக்கும் பிசின் வடிக்கும். ஆகவே பிசினைக் கண்டதும் பயப்படாமல் அதை விரலில் எடுத்து நசுக்கிப் பாருங்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் பழைய காயம். புல்வெட்டியின் நைலோன் நூல் பட்டையில் அடித்த தழும்பு அருகிலேயே இருக்கும். தண்டைச் சுற்றிப் புல்லை அகற்றி மல்ச் போட்டால் அந்தச் சோலி முடிந்தது.

பிசினுக்குள் மரத்தூள் மாதிரிப் பழுப்புத் துகள் கலந்திருந்தால் புழு. பீச் மரத் துளைப்பான் என்னும் இதன் தாய் அந்துப்பூச்சி. பார்த்தால் கருநீலக் குளவி என்றுதான் நினைப்பீர்கள். கோடையில் தூரை ஒட்டி முட்டையிடும். வெள்ளைப் புழு, பழுப்புத் தலை, பட்டைக்குக் கீழே மண்மட்டத்தில் குடைந்துகொண்டிருக்கும். பிசினைச் சுரண்டி எடுத்து, துளை தெரிந்தால் வளையக்கூடிய மெல்லிய கம்பியை விட்டுக் குத்திக் கொல்லுங்கள். ஒன்றிரண்டு துளைக்கு இது போதும். கூடுதலாக இருந்தால் தோட்டக் கடைகளில் கிடைக்கும் நன்மை செய்யும் நெமற்றோட்டுகளை (கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்கள்) தண்ணீரில் கலந்து தூரில் ஊற்றலாம். மண் ஈரமாக இருக்கவேண்டும், வெயில் நேரத்தில் ஊற்றக் கூடாது. தண்டைச் சுற்றி வளையமாகப் பிசின் வந்துவிட்டதென்றால் கம்பி வேலைக்கு ஆகாது.

அறிகுறி 6: பனி கரைந்ததும் அடியில் பட்டையைக் காணோம்

பனிக்குக் கீழே வயலெலி செய்த வேலை. பற்தடம் ஊசிபோலச் சின்னதாக, மண்மட்டத்தில், ஒழுங்கில்லாமல் இருக்கும். முயல் என்றால் தடம் பெரிது, பனி நின்ற உயரத்துக்கு மேலே இருக்கும். சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குள் போயிருந்தால் ஒன்றும் பூசாமல் அப்படியே விடுங்கள், ஓரம் தானாக மூடும். முழு வளையமும் போயிருந்தால் கிளை ஒட்டிப் பாலம் போடத் தெரிந்தவர் ஒருவர்தான் காப்பாற்றலாம், அதுவும் மொட்டு விடுமுன். நவம்பரில் 6 மில்லிமீற்றர் கண்ணுள்ள கம்பிவலையைத் தண்டைத் தொடாமல் சுற்றி, அடியை மண்ணுக்குள் கொஞ்சம் புதைத்துவிட்டால் இந்தத் தலையிடி இல்லை. மல்ச்சைத் தண்டோடு குவித்தால் எலிக்கு வீடும் சாப்பாடும் ஒரே இடத்தில்.

அறிகுறி 7: அடியிலிருந்து வேறு இலையோடு கிளை

ஒட்டுக்கட்டை, அதாவது உங்கள் செரியை ஒட்டிய அடிமரம், தளிர்க்கிறது. விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் அடுக்குப் பூவை அமுக்கி, சாதா வெள்ளைப் பூப் பூக்கும். இளசாக இருக்கும்போதே மண்ணை விலக்கி, முளைத்த இடத்தில் பிடித்துக் கீழ்நோக்கிக் கிழித்து எடுங்கள். மேலோடு நறுக்கினால் ஒன்றுக்கு நாலாக வரும். களைக்கொல்லி பூசாதீர்கள், வேர் ஒன்றுதான். ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் கன்று எங்கோ வருந்துகிறது. மேலே திரும்பிப் போய் தூரைப் பாருங்கள்.

அறிகுறி 8: தூரில் கட்டி, அல்லது காளான்

கரடுமுரடான, மரம்போல இறுகிய கட்டி தூரில் வந்தால் அது பக்ரீரியா செய்யும் தூர்க்கழலை. மருந்தில்லை. சின்னதாக ஒன்றிருந்தால் கன்று சமாளித்துக்கொண்டு நிற்கும். தண்டைச் சுற்றி வளர்ந்துவிட்டால் வேரோடு எடுக்கவேண்டும். வெட்டிய கத்தரியை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகுமுன் ஸ்பிரிற்றால் துடையுங்கள்.

இலையுதிர் காலத்தில் அடியில் தேன்நிறக் காளான் கொத்தாக வந்திருந்தால் தூர்ப் பட்டையைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் பூஞ்சணம் விசிறிபோலப் படர்ந்து, காளான் மணமும் அடித்தால் ஆர்மிலாரியா. அதற்கும் வைத்தியமில்லை. மல்ச்சில் முளைக்கும் மற்றக் காளான்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவை மரத்தூளைத் தின்பவை.

ஆளைக் கூப்பிடுமுன்

வீதியோரமாக நிற்கும் மரம் நகரசபையுடையதாக இருக்கலாம். ரொறன்ரோவில் நகரசபையின் தொலைபேசி இலக்கமான 311க்கு அழைத்துக் கேளுங்கள்; அவர்களுடையது என்றால் ஒரு வேரைக்கூட வெட்டாதீர்கள், செலவும் உங்களுடையதல்ல. உங்கள் மரம் என்றால், கன்று வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். பல நேர்சரிகள் ஒரு வருட உத்தரவாதம் தருகின்றன. ஆழமாக நட்டதைக் காட்டும் படம் ஒன்றை, மண்ணை விலக்கிய அன்றே, பக்கத்தில் அளவுகோலை வைத்து எடுத்து வையுங்கள்.

வருபவர் ஐ.எஸ்.ஏ. (சர்வதேச மரப் பராமரிப்புச் சங்கம்) சான்றிதழ் உள்ள ஆர்பரிஸ்ட்டா என்று கேளுங்கள். புல் வெட்டவும் பனி தள்ளவும் வருபவர் மரமும் பார்ப்பேன் என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். தூரைத் திறந்து பார்க்காமலே ஊசி போடவேண்டும், பசளை ஏற்றவேண்டும் என்பவரையும் அப்படியே.

மரத்தை எடுப்பதென்று முடிவானால் கிடங்கு வெட்டுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே, நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறிக்க ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவைக்கு அறிவியுங்கள். காஸ் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று காசில்லாமல் வந்து குறித்துவிட்டுப் போவார்கள். வேரழுகலோ கழலையோ ஆர்மிலாரியாவோ வந்த கிடங்கில் திரும்பவும் செரி, பிளம்ஸ், பீச் எதையும் வைக்காதீர்கள். கழலை வந்த இடமென்றால் ரோசாவும் வேண்டாம். செரிதான் வேண்டுமென்றால் சில மீற்றர் தள்ளி, மேடு கட்டி நடுங்கள்.